டைட்டானியம் மேல் ஹைட்ராக்சிஅபடைட் சோல்-ஜெல் பூச்சு: விரிசல், உரிதல், எக்ஸ்ஆர்டியில் வேண்டாத பீக்குகள்

புதுப்பூச்சு:

வணக்கம். டைட்டானியம் 6-4 கலவைத் தகடுகளில் (10 × 10 × 2 மி.மீ) சோல்-ஜெல் முறையில் (சோல் எனும் கரைசலில் முக்கி, ஜெல்லாக உலர்த்தி, சுடுவது) ஹைட்ராக்சிஅபடைட் (எலும்பில் உள்ள கால்சியம் பாஸ்பேட் வகை, சுருக்கமாக அபடைட்) பூச்சு ஏற்றுகிறேன். சரியாக வரவில்லை. எங்கே தப்பு என்று சொல்ல வசதியாக இருக்கும், செய்முறையை அப்படியே தருகிறேன்.

தகட்டை 600 எண் எமரித் தாளில் தேய்த்து, அசிட்டோன், எத்தனால், தண்ணீர் என்று மூன்றிலும் அல்ட்ராசோனிக்கில் 10 நிமிடம் வீதம் கழுவினேன். கால்சியம் நைட்ரேட் டெட்ராஹைட்ரேட் 11.81 கிராம், 17 மி.லி எத்தனாலில். ட்ரைஎத்தில் பாஸ்பைட் 4.98 கிராம், 10 மி.லி எத்தனாலில், அதோடு 4.3 மி.லி தண்ணீர் சேர்த்து 1 மணி நேரம் கலக்கினேன். பிறகு கால்சியம் கரைசலைச் சொட்டுச் சொட்டாக விட்டு, உடனே முக்க ஆரம்பித்தேன். மேலே தூக்கும் வேகம் நிமிடத்துக்கு 200 மி.மீ. ஒவ்வொரு முக்குக்கும் 80 டிகிரியில் 10 நிமிட உலர்த்தல், மொத்தம் 5 அடுக்கு. கடைசியில் ஒரே தடவையாக 800 டிகிரி, காற்றில், 1 மணி நேரம். ஏற்றம் நிமிடத்துக்கு 5 டிகிரி, இறக்கம் 2 டிகிரி. மொத்தத் தடிமன் சுமார் 4 மைக்ரான்.

கண்ணுக்கு நன்றாகத்தான் இருக்கிறது. மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் முழுக்க வெடிப்பு. ஒவ்வொரு துண்டும் 20 மைக்ரான், இடைவெளி 2 மைக்ரான் இருக்கும். டேப் ஒட்டி இழுத்தால் பாதி கையோடு வந்துவிடுகிறது. இறக்கத்தை நிமிடத்துக்கு 1 டிகிரியாகக் குறைத்துப் பார்த்தேன், ஒரு மாற்றமும் இல்லை. எக்ஸ்ஆர்டியில் (எந்தப் படிகப் பொருள் இருக்கிறது என்று எக்ஸ்-கதிரால் காட்டும் சோதனை) அபடைட் பீக்குகளோடு 27.4, 31.0, 37.4 டிகிரியிலும் பீக் வருகிறது (காப்பர் குழாய்; இவை கோண டிகிரி). எஸ்பிஎஃப் கரைசலில் (ரத்தத்தில் உள்ள உப்புகளைப் போலச் செய்த கரைசல்) 7 நாள் வைத்த பிறகு மேலே வெள்ளையாக ஏதோ படிந்திருக்கிறது. அது அபடைட்தானா?

இன்னொன்று: 50 மைக்ரான் வேண்டும் என்கிறார்கள். அடுக்குகளை 5லிருந்து 60 ஆக்கினால் போதுமா?

உலைமுகம்:

விரிசலை மட்டும் நான் எடுத்துக்கொள்கிறேன். குளிர்விக்கும் வேகத்தைக் குறைத்தும் பலன் இல்லாததற்குக் காரணம் இருக்கிறது. வெப்ப விரிவு வித்தியாசத்தால் வரும் இழுவிசை, நீங்கள் எத்தனை டிகிரி இறங்கினீர்கள் என்பதைப் பொறுத்தது. எவ்வளவு நேரத்தில் இறங்கினீர்கள் என்பதைப் பொறுத்தது அல்ல. 2 மி.மீ தகட்டில் உள்ளுக்கும் வெளிக்கும் வெப்பநிலை வேறுபாடு என்று பெரிதாக ஒன்றும் இருக்காது. மெதுவாக இறக்கினால் மெதுவாக வெடிக்கும், அவ்வளவுதான்.

அதைவிட முக்கியம், உங்கள் விரிசல் வெப்ப விரிசலே இல்லை. நீங்கள் கொடுத்த எண்களே சொல்கின்றன. அபடைட்டின் விரிவுக் குணகம் ஒரு டிகிரிக்கு மில்லியனில் 13-15, டைட்டானியம் 6-4க்கு 9-10. வித்தியாசம் 4 என்று வைப்போம். 800லிருந்து அறை வெப்பத்துக்கு 775 டிகிரி இறக்கம், பெருக்கினால் 0.31 சதவீதம். 20 மைக்ரான் துண்டுக்கு இதனால் திறக்கக்கூடிய இடைவெளி 0.06 மைக்ரான். சாதாரண மைக்ராஸ்கோப்பில் அது தெரியவே தெரியாது. உங்களுக்கு 2 மைக்ரான் திறந்திருக்கிறது, அதாவது 10 சதவீதச் சுருக்கம். எத்தனாலும் தண்ணீரும் நைட்ரேட்டும் வெளியேறும்போது ஜெல் சுருங்கியதால் வந்தது அது. வற்றிய ஏரியின் வண்டல் வெடிக்கிற அதே கதை. துண்டுகளின் ஓரம் மேல்நோக்கிச் சுருண்டிருக்கிறதா என்று பாருங்கள். சுருண்டிருந்தால் சந்தேகமே வேண்டாம்.

உறுதி செய்ய ஒரு தகட்டை உலைக்குப் போகும் முன், 80 டிகிரி உலர்த்தலுக்குப் பிறகே மைக்ராஸ்கோப்பில் வையுங்கள். இன்னொன்றை 400 டிகிரியோடு நிறுத்திப் பாருங்கள். விரிசல் எந்தக் கட்டத்தில் பிறந்தது என்று தெரியாமல் உலை அட்டவணையை மாற்றிக்கொண்டே இருப்பது வீண் வேலை.

இனி தடிமன். விரிசலை ஓட்டும் ஆற்றல் தடிமனோடு நேர்விகிதத்தில் ஏறும். அதனால் ஒவ்வொரு ஜெல்லுக்கும் ஒரு வரம்புத் தடிமன் உண்டு. அதற்குக் கீழே இருந்தால் இழுவிசை இருந்தும் வெடிக்காது. உங்கள் ஒரு முக்கு 0.8 மைக்ரான் தருகிறது, அதுவும் சுட்ட பிறகு. பச்சையாக இருந்தபோது இன்னும் அதிகம். சுட்ட பிறகு ஒரு அடுக்கு 0.3 மைக்ரானைத் தாண்டாமல் வைத்துப் பாருங்கள். முக்கும்போது படியும் தடிமன், தூக்கும் வேகத்தின் 2/3 அடுக்குப்படி மாறும்; 200லிருந்து 50 மி.மீக்கு இறங்கினால் தடிமன் 2.5 மடங்கு குறையும். அப்போதும் வெடித்தால் எத்தனால் சேர்த்து நீர்க்க வையுங்கள்.

80 டிகிரியில் மட்டும் காய்ந்த அடுக்கு இன்னும் கரையக்கூடியது. அதை மறுபடி சோலில் முக்கினால் கீழ் அடுக்கு ஊறி, ஒரு பகுதி கரைந்து, மேல் அடுக்கோடு சேர்ந்து ஒரே தடித்த அடுக்காகிவிடுகிறது. நீங்கள் 5 அடுக்கு என்று நினைப்பது உண்மையில் ஒரே தடி அடுக்கு. ஒவ்வொரு முக்குக்கும் பிறகு 80 டிகிரியில் 10 நிமிடம், அப்புறம் 400 டிகிரியில் 10-15 நிமிடம், ஆறவிட்டு அடுத்த முக்கு. அலுப்பான வேலைதான், வேறு வழியில்லை.

கடைசிச் சூடு 550-600 டிகிரியில் அரை மணி முதல் 1 மணி வரை போதும். சோல்-ஜெல் அபடைட் 400 டிகிரிக்கு அருகிலேயே படிகமாகத் தொடங்கிவிடும். 800 என்பது தூளை அழுத்திச் சுடுகிறவர்களின் பழக்கம். டைட்டானியத்தை வைத்துக்கொண்டு காற்றில் 800க்குப் போனால் உலோகம் தன் ஆக்சைடு செதிலை வளர்த்துக்கொள்ளும், பூச்சு அந்தச் செதிலோடு உரிந்து வரும். டேப்பில் வந்த துண்டின் அடிப்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். ஆக்சைடு ஒட்டிக்கொண்டு வந்திருந்தால் பூச்சு அங்கே உலோகத்தை விடவில்லை, செதில்தான் விட்டிருக்கிறது.

கால்பாஸ்:

பீக்குகள் மூன்றும் மூன்று வேறு தவறுகள்.

27.4 ரூட்டைல், அதாவது டைட்டானியம் ஆக்சைடு. 36.1, 54.3 டிகிரிகளிலும் இருக்கிறதா என்று பார்த்து உறுதி செய்யுங்கள். பீட்டா டிரைகால்சியம் பாஸ்பேட்டின் 27.8 பீக்கோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். உலைமுகம் சொன்னதுபோல் 600க்கு இறங்கினாலே இது பெரும்பாலும் அடங்கிவிடும்.

37.4 கால்சியம் ஆக்சைடு. இதன் இன்னொரு பீக் 32.2ல் அபடைட் பீக்கின் அடியில் மறைந்துகொள்வதால் 37.4தான் நம்பகமான அடையாளம். இது வந்ததற்குக் காரணம் உங்கள் அந்த 1 மணி நேரம். ட்ரைஎத்தில் பாஸ்பைட் தண்ணீரோடு மெதுவாகத்தான் வினைபுரியும். 1 மணியில் முடியாது. வினைபுரியாமல் மிஞ்சிய பாஸ்பைட் 156 டிகிரியில் கொதிக்கும் திரவம், உலையில் ஆவியாகப் போய்விடும். பாஸ்பரஸ் குறைந்தால் மிஞ்சிய கால்சியம் என்ன ஆகும்? ஆக்சைடாக நிற்கும். நீங்கள் எடுத்த அளவில் தண்ணீர், பாஸ்பைட் மோல் விகிதம் 8, அது சரி. மூடிய பாட்டிலில் 24 மணி நேரம் கலக்குங்கள். கால்சியம் சேர்த்த பிறகு இன்னொரு 24 மணி நேரம் அறை வெப்பத்தில் சும்மா வைத்துவிட்டு அப்புறம் முக்குங்கள். இந்த முதிர்வில்தான் கால்சியமும் பாஸ்பேட்டும் கைகோக்கின்றன. முதிராத சோலில் கால்சியம் நைட்ரேட் தனியாகப் படிகமாகி, சூட்டில் அதுவும் ஆக்சைடாக முடியும்.

இந்த ஆக்சைடைச் சின்ன விஷயமாக விடக் கூடாது. காற்று ஈரத்தை உறிஞ்சி ஹைட்ராக்சைடாகும்போது பருமன் கூடி, பூச்சை உள்ளிருந்து வெடிக்கவைக்கும். சுட்ட அன்று சுத்தமாக இருந்த பூச்சில் ஒரு வாரம் கழித்துக் குழிகள் தெரிந்தால் முதலில் இதைத்தான் சந்தேகப்பட வேண்டும்.

31.0 பீட்டா டிரைகால்சியம் பாஸ்பேட். இதற்கு இரண்டு வழி உண்டு. ஒன்று, சோலில் கால்சியம் குறைவு. கால்சியம் நைட்ரேட் டெட்ராஹைட்ரேட் ஈரத்தை இழுக்கும் சரக்கு. திறந்த டப்பாவிலிருந்து 11.81 கிராம் எடுத்தால் உள்ளே 0.05 மோல் இருக்காது. சோதிக்க 1.000 கிராமைப் பீங்கான் மூசையில் 900 டிகிரி வரை சுடுங்கள். சுத்தமான சரக்கு 0.2375 கிராம் ஆக்சைடு தரும். 0.230 வந்தால் சரக்கு 96.8 சதவீதம்தான், எனவே 12.20 கிராம் எடுக்க வேண்டும். 43 டிகிரியிலேயே தன் படிக நீரில் உருகித் தெறிக்கும், ஆரம்பத்தில் மெதுவாக ஏற்றுங்கள். செம்பழுப்புப் புகை வரும், கட்டாயம் ஃப்யூம் ஹூடுக்குள். ஆறியதும் டெசிகேட்டரில் வைத்து எடை போடுங்கள்.

இரண்டாவது வழி டைட்டானியமே. டைட்டானியம் ஆக்சைடு பக்கத்தில் இருந்தால் அபடைட் தனியாக இருக்கும்போதைவிடக் குறைந்த வெப்பத்திலேயே சிதையும்: ஒரு அபடைட்டும் ஒரு டைட்டானியம் ஆக்சைடும் சேர்ந்து மூன்று டிரைகால்சியம் பாஸ்பேட், ஒரு கால்சியம் டைட்டனேட், நீராவி. டைட்டனேட்டின் முதன்மைப் பீக் 33.1ல், அபடைட்டின் 32.9க்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கும். அந்த இடத்தில் தோள் மாதிரி புடைப்பு இருக்கிறதா என்று உற்றுப் பாருங்கள்.

எந்த வழி என்று கண்டுபிடிக்க, அதே சோலில் கொஞ்சத்தை அலுமினா மூசையில் காயவைத்து, தகட்டோடு அதே உலையில் சுட்டு, தூளுக்கும் எக்ஸ்ஆர்டி எடுங்கள். தூளிலும் 31.0 இருந்தால் சோல் தப்பு. தூள் சுத்தமாக இருந்து பூச்சில் மட்டும் இருந்தால் டைட்டானியம் தப்பு. கொஞ்சம் என்றால் 2-3 மி.லி, நைட்ரேட்டும் கரிமப் பொருளும் சேர்ந்த ஜெல்லை மொத்தமாக அடுப்பில் காயவைத்தால் திடீரென்று பற்றிக்கொள்ளும்.

மெல்லிய பூச்சுக்குச் சாதாரண ஸ்கேன் போட்டால் பெரும்பாலும் அடித்தகடுதான் தெரியும். படு கோணத்தை 1 டிகிரி அளவில் நிறுத்தி எடுங்கள்.

புதுப்பூச்சு:

இருவருக்கும் நன்றி. உலைக்குப் போகும் முன் பார்த்தேன். 80 டிகிரி உலர்த்தலுக்குப் பிறகே வெடிப்பு இருக்கிறது, ஓரமும் சுருண்டிருக்கிறது. உரிந்த துண்டின் அடியில் சாம்பல் நிற அடுக்கு ஒட்டியிருக்கிறது. புதிய சோல் முதிர்ந்துகொண்டிருக்கிறது. எஸ்பிஎஃப் பற்றி யாராவது?

அயனிக்கடை:

அந்த வெள்ளை என்ன என்று கேட்பதற்கு முன், கரைசல் சரியா என்று பார்க்க வேண்டும்.

1 லிட்டருக்கு கோகுபோ, தகடாமா இருவரும் 2006ல் வெளியிட்ட அளவு: 700 மி.லி அயனி நீக்கிய தண்ணீரை 36.5 டிகிரியில் வைத்துக் கலக்கிக்கொண்டே, ஒன்று முழுதும் கரைந்த பிறகு அடுத்தது என்று இதே வரிசையில். சோடியம் குளோரைடு 8.035 கிராம், சோடியம் பைகார்பனேட் 0.355, பொட்டாசியம் குளோரைடு 0.225, டைபொட்டாசியம் ஹைட்ரஜன் பாஸ்பேட் ட்ரைஹைட்ரேட் 0.231, மெக்னீசியம் குளோரைடு ஹெக்சாஹைட்ரேட் 0.311, பிறகு 1 மோலார் ஹைட்ரோகுளோரிக் அமிலம் 39 மி.லி, அதன் பிறகே கால்சியம் குளோரைடு 0.292, சோடியம் சல்பேட் 0.072. அமிலத்துக்கு முன் கால்சியத்தைப் போட்டால் அங்கேயே பாஸ்பேட் படிந்துவிடும். கடைசியாக டிரிஸ் (பிஎச்சை நிலையாக வைக்கும் பொருள்) 6.118 கிராமைச் சிட்டிகை சிட்டிகையாக. பிஎச் 7.45ஐத் தாண்டவே விடக் கூடாது; 1 மோலார் அமிலத்தால் 7.40ல் நிறுத்துங்கள். கால்சியம் குளோரைடு 0.292 என்பது 95 சதவீத நீரற்ற சரக்குக்கான கணக்கு. உங்களிடம் இருப்பது டைஹைட்ரேட் என்றால் 0.368 கிராம்.

நிறையப் பேர் சறுக்குவது பிஎச்சில். அறை வெப்பத்தில் 7.40 வைத்துவிட்டு இன்குபேட்டருக்குள் தள்ளுவார்கள். டிரிஸ் கரைசலின் பிஎச் ஒரு டிகிரிக்கு சுமார் 0.028 இறங்கும். 25ல் 7.40 வைத்தால் 36.5ல் 7.1க்கு வந்துவிடும், அபடைட் வளர்ச்சி படுத்துவிடும். மீட்டரை 36.5ல் சரிபார்த்து, 36.5லேயே அளக்க வேண்டும். கண்ணாடிப் பீக்கர் வேண்டாம். சுவரில் படிவு தொடங்கும், பிளாஸ்டிக்தான். லேசாகக் கலங்கினாலும் கொட்டிவிட்டு முதலிலிருந்து.

அளவு: மேற்பரப்பைச் சதுர மி.மீயில் எடுத்து 10ஆல் வகுத்தால் மி.லி. உங்கள் தகட்டின் ஆறு முகமும் சேர்த்து 280 சதுர மி.மீ, ஆகவே 28 மி.லி. பூசிய முகத்தைக் கீழ்நோக்கியோ செங்குத்தாகவோ வையுங்கள். மேல்நோக்கி வைத்தால் கரைசலில் பிறந்து விழுந்ததும் சேர்ந்து கணக்காகும்.

இப்போது அந்த வெள்ளை. எடுத்தவுடன் அயனி நீக்கிய தண்ணீரில் மென்மையாக அலசாமல் காயவைத்தால் உப்புதான் காயும். எஸ்இஎம்மில் (எலக்ட்ரான் மைக்ராஸ்கோப்) கனசதுரமாக இருந்து ஈடிஎஸ்ஸில் (அதிலேயே தனிமங்களைக் காட்டும் சோதனை) சோடியமும் குளோரினும் காட்டினால் அது சமையல் உப்பு. மெல்லிய தகடுகள் பின்னிய சின்ன உருண்டைகள், கால்சியமும் பாஸ்பரஸும் என்றால் அபடைட்டாக இருக்கலாம். எக்ஸ்ஆர்டி இங்கே கைகொடுக்காது, அடியில் இருப்பதும் அபடைட் ஆயிற்றே. கரைசலில் கால்சியமும் பாஸ்பரஸும் நாளுக்கு நாள் குறைகிறதா என்று ஐசிபியில் (கரைசலில் உள்ள தனிமங்களின் அளவைக் காட்டும் கருவி) அளப்பதுதான் உறுதி. அபடைட் வளர்ந்தால் இரண்டும் சேர்ந்து இறங்கும்.

கூடவே ஒப்பிடுவதற்குத் தகடு போடாமல் கரைசல் மட்டும் உள்ள ஒரு பாட்டில், ஒரு பூசாத தகடு கட்டாயம். உங்கள் 37.4 பீக் இங்கே மறுபடி வந்து நிற்கிறது: கால்சியம் ஆக்சைடு கரைந்து பிஎச்சை ஏற்றினால், பூச்சுக்குச் சம்பந்தமே இல்லாமல் கரைசல் தானாகப் படியும். 7ஆம் நாள் பிஎச் அளந்தீர்களா?

இந்தச் சோதனைக்கு அதன் எல்லைக்கு மேல் மதிப்புக் கொடுக்க வேண்டாம். பீட்டா டிரைகால்சியம் பாஸ்பேட் எஸ்பிஎஃப்பில் மந்தமாக இருந்தாலும் எலும்போடு நன்றாகவே ஒட்டும். 2009லேயே போனரும் லெமெத்ரும் இந்த முறையை வரிக்கு வரி விமர்சித்து எழுதியிருக்கிறார்கள். ஒரே ஆய்வுக்குள் பூச்சுகளை ஒப்பிடப் பயன்படும், “எலும்பு ஒட்டும்” என்று எழுதுவதற்குப் பயன்படாது.

உலைமுகம்:

50 மைக்ரானுக்கு: முடியாது. 60 அடுக்கு என்பது 60 தடவை சூடேற்றி இறக்குவது. ஒவ்வொரு தடவையும் டைட்டானியம் கொஞ்சம் ஆக்சிஜனை உள்ளே இழுத்து மேல்தோல் கெட்டிப்பட்டு நொறுங்கும் தன்மைக்குப் போகும், சோர்வு ஆயுள் குறையும். தடிமன் ஏற ஏற, நான் முதலில் ஒதுக்கிய அந்த 0.3 சதவீத வெப்ப வித்தியாசமும் இப்போது வேலையைக் காட்டும். சோல்-ஜெல்லின் இடம் 1-2 மைக்ரான்.

50 மைக்ரான் என்று சொன்னவர்கள் மனதில் இருப்பது பிளாஸ்மா ஸ்ப்ரே. 1980களின் நடுவில் இடுப்பு மூட்டுத் தண்டுகளில் தொடங்கியதிலிருந்து வணிக அபடைட் பூச்சில் பெரும்பங்கு அதுதான். அதன் தலைவலி வேறு: துகள் சுடரில் உருகித் தகட்டில் படார் என்று உறைவதால் படிகமில்லாத பகுதி நிறைய. அது உடலுக்குள் சீக்கிரம் கரையும். ஐஎஸ்ஓ 13779-2 படிகத்தன்மை 45 சதவீதத்துக்குக் குறையக் கூடாது, ஒட்டுவலிமை 15 மெகாபாஸ்கலுக்குக் குறையக் கூடாது என்கிறது.

உயிர்க்கண்ணாடியை (எலும்போடு ஒட்டும் கண்ணாடி) பூசலாமே என்று அடுத்த கேள்வி வரும், இப்போதே சொல்லிவிடுகிறேன். ஹென்ச் 1969ல் உருவாக்கிய 45எஸ்5 (எடையில் சிலிக்கா 45, சோடியம் ஆக்சைடு 24.5, கால்சியம் ஆக்சைடு 24.5, பாஸ்பரஸ் பென்டாக்சைடு 6) எலும்புக்கு அருமை, டைட்டானியத்துக்கு ஆகாது. விரிவுக் குணகம் 15, அபடைட்டைவிட மோசம். சிலிக்காவைக் கூட்டி, சோடியத்தின் ஒரு பங்கைப் பொட்டாசியத்தாலும் கால்சியத்தின் ஒரு பங்கை மெக்னீசியத்தாலும் மாற்றினால் குணகம் டைட்டானியத்துக்குப் பக்கத்தில் வரும். ஆனால் சிலிக்கா 60 சதவீதத்தைத் தாண்டினால் உயிர்வினை செத்துவிடும். அந்த இடுக்கில்தான் எல்லோரும் வித்தை காட்டுகிறார்கள்.

புதுப்பூச்சு:

புரிகிறது. 1.5 மைக்ரானோடு நிறுத்திக்கொள்கிறேன். பிஎச் அளந்தேன், 7.9. அப்படியென்றால் வெள்ளைக்குக் காரணம் கால்சியம் ஆக்சைடுதான் போல. தகட்டைச் சோடியம் ஹைட்ராக்சைடில் ஊறவைத்தால் பிடிமானம் கூடுமா? ஒட்டுவலிமையை இழுத்து அளக்கலாமா?

கால்பாஸ்:

கூடும். 5 மோலார் (லிட்டருக்கு 200 கிராம்), 60 டிகிரி, 24 மணி நேரம். பாலிப்ரொப்பிலீன் அல்லது டெஃப்லான் பாட்டிலில்; கண்ணாடியில் வைத்தால் காரம் கண்ணாடியைத் தின்று சிலிக்காவைத் தகட்டில் ஏற்றிவிடும். மென்மையாக அலசி, 40 டிகிரியில் 24 மணி நேரம் உலர்த்தி, நிமிடத்துக்கு 5 டிகிரி வீதம் ஏற்றி 600ல் 1 மணி நேரம். சுமார் 1 மைக்ரானுக்குச் சல்லடை மாதிரி சோடியம் டைட்டனேட் அடுக்கு கிடைக்கும். சோல் அந்தத் துளைகளில் இறங்கிப் பிடித்துக்கொள்ளும். ஆனால் அந்த அடுக்கே எஸ்பிஎஃப்பில் அபடைட்டை வளர்க்கும்! ஆகவே கட்டுப்பாட்டுத் தகடாகப் பளபளப்பான டைட்டானியம் போதாது, காரத்தில் ஊறிப் பூசாத தகடும் ஒன்று வேண்டும்.

இழுவைச் சோதனை 1.5 மைக்ரானுக்குப் பொய் சொல்லும். எபாக்சி பூச்சின் துளை வழியாக இறங்கி உலோகத்தையே பிடித்துக்கொள்ளும், 40 மெகாபாஸ்கல் என்று அழகான எண் வரும். அது பசையின் வலிமை. மெல்லிய பூச்சுக்குக் கீறல் சோதனை வையுங்கள், அல்லது தகட்டை வளைத்துப் பூச்சு எந்த நீட்சியில் வெடிக்கிறது, எதில் உரிகிறது என்று மைக்ராஸ்கோப்பில் பாருங்கள். வெடிப்பதும் உரிவதும் ஒன்றல்ல, தனித்தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள்.

முக்கும்போது தகட்டின் கீழ் ஓரத்தில் சோல் சொட்டாகத் தேங்கி நிற்கும். அங்கே தடிமன் பல மடங்கு, உரிதல் பெரும்பாலும் அங்கிருந்துதான் ஆரம்பிக்கும். தூக்கி முடித்ததும் வடிதாளின் முனையால் அந்தச் சொட்டைத் தொட்டு எடுத்துவிடுங்கள். ஓரங்களையும் மூலைகளையும் எமரியில் உருட்டிவிட்டு அப்புறம் ஊறவைக்கப் போங்கள்.